நடு மடிப்பு

உள் மார்ஜினை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். கல்லூரி ஆண்டு மலர் இந்த வருடம் தடிமன், பின் அடித்தால் நிற்காது, பசை போட்டுத்தான் முதுகு ஒட்டுவார்கள். அப்படி ஒட்டிய புத்தகம் என்ன விரித்தாலும் நடுவில் முழுசாக விரியாது, உள் ஓரத்து எழுத்தை முதுகு விழுங்கிவிடும். அதனால் வெளியே விடுகிற இடத்தைவிட உள்ளே அதிகம் விட வேண்டும், இடது பக்கம் என்றால் வலது ஓரத்தில், வலது பக்கம் என்றால் இடது ஓரத்தில். இதெல்லாம் யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கை தானாகச் செய்யும். இன்றைக்குக் கை செய்யவில்லை. எண்ணை மாற்றுகிறேன், புத்தகம் முழுக்க ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு வரிகள் நகர்கின்றன, முதல்வரின் வாழ்த்துரை அடுத்த பக்கத்துக்கு வழிகிறது, விளையாட்டு விழா அறிக்கையின் கடைசி வரி தனியாகப் போய் ஒரு வெற்றுப் பக்கத்தின் தலையில் நிற்கிறது. சரியில்லை என்று பழைய எண்ணையே போடுகிறேன், எல்லாம் திரும்பி வருகிறது. கம்ப்யூட்டரில் எது செய்தாலும் திரும்பி வரும். காலையில் மச்சான் வந்துவிட்டுப் போனதை யார் திருப்புவது. ராசாங்கம் மச்சான், என் மனைவி ரத்தினத்தின் அண்ணன், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற என் டிடிபி கடைக்கு வருகிற ஆளே இல்லை. வந்தார், ஷட்டர் முழுசாக ஏறுவதற்கு முன்னால் குனிந்து உள்ளே வந்து, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார், டீ சொல்லச் சொன்னார், குடித்தார், திரையைப் பார்த்தார். கடைசி வருட மாணவிகளின் குழுப் படம் திறந்திருந்தது. மூட வேண்டும் என்று தோன்றியது, மூடினால் அதுவே ஒரு பதிலாகிவிடும் என்றும் தோன்றியது, மூடவில்லை. அவர் விரலை நீட்டி, கண்ணாடியில் படாமல் வரிசை வரிசையாக நகர்த்தி, சாவகாசமாகக் கேட்டார்.

"இதுல நம்ம பிள்ளை எங்க நிக்குது மாப்ள?"

நம்ம பிள்ளை. தாரணி வீட்டை விட்டுப் போய் ஜெகனைக் கட்டிக்கொண்ட பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. பேரைச் சொன்னதில்லை. அது, அந்தச் சனியன், செத்தது, இப்படித்தான். தலை முழுகிய அன்றைக்கு என் தலையிலும் தண்ணீர் ஊற்றினார்கள். நானேதான் உட்கார்ந்தேன், யாரும் பிடித்து உட்கார வைக்கவில்லை, கிணற்றுத் தண்ணீர், குளிர்ந்து உச்சியில் விழுந்து கழுத்து வழியாக இறங்கும்போது நான் அழவில்லை, தண்ணீர் காதுக்குள் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மச்சான்தான் அழுதார். பொய்யில்லை. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாக் கூட்டத்தில் நடந்தவர், அவள் பெரிய மனுஷியானபோது தாய்மாமன் சீரைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து இறக்கி, கூடியிருந்த சனத்தைப் பார்த்துக் கண் கலங்கி நின்றவர். அப்படிப்பட்டவர் அவளை என்ன செய்துவிடுவார் என்று ஒரு நினைப்பு. அப்படிப்பட்டவர்தான் செய்வார் என்று அதன் பின்னாலேயே இன்னொரு நினைப்பு, வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி. நடுவில் நிற்கிறாள் மச்சான் என்றேன். நல்லாத்தான் சிரிக்குது என்றார். பிறகு தன் போனில் சார்ஜ் இல்லை, ஒரு கால் பேசிக்கொள்கிறேன் என்று மேசை மேல் இருந்த என் போனை எடுத்தார். எடுத்துக்கொண்டு வெளியே போனார், ரோட்டோரம் நின்றார், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். காதில் வைத்தாரா. வைத்த மாதிரிதான் இருந்தது. எந்தக் கை என்று நினைவில்லை. திரும்பி வந்து போனை அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்தார். வரேன் மாப்ள, வேலையப் பாரு என்றார்.

வேலையைப் பார்க்கிறேன். இந்தக் குழுப் படம் இரண்டு பக்கத்துக்கும் பரந்து வர வேண்டும் என்பது கல்லூரியின் விருப்பம். எல்லாக் கல்லூரிக்காரர்களும் இதைத்தான் கேட்பார்கள், படம் பெரிதாக இருக்க வேண்டும் என்பார்கள், நடுவில் ஒரு மடிப்பு இருக்கிறது என்பதை நினைக்க மாட்டார்கள். மடிப்பு நேராக ஓர் ஆள் மேல் விழும். அந்த ஆளின் ஒரு கண் இந்தப் பக்கமும் இன்னொரு கண் அந்தப் பக்கமும் போகும், மூக்கு பசைக்குள் போய்விடும். அதனால் படத்தை இடமோ வலமோ தள்ளி, இரண்டு பேருக்கு இடையில் இருக்கிற சந்தில் மடிப்பை விழ வைக்க வேண்டும். நிற்கிற வரிசையில் தாரணி நட்ட நடுவில் நிற்கிறாள், உயரம் அவள், என்னைக் கொண்டு பிறந்தவள். வலப்பக்கம் தள்ளினால் அவள் தப்பிக்கிறாள், கண்ணாடி போட்ட ஒரு பெண் மடிப்பில் மாட்டுகிறாள். இடப்பக்கம் தள்ளினால் அந்தப் பெண் தப்பிக்கிறாள், உட்கார்ந்திருக்கிற துறைத் தலைவியின் பாதி முகம் போகிறது. எல்லாரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள், சந்தே இல்லை. படம் எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து, போட்டோகிராபர் நெருங்கி நில்லுங்க நெருங்கி நில்லுங்கன்னு உயிரை எடுத்துட்டாருப்பா என்று சொல்லிச் சிரித்தாள். மலர்க் குழுவைப் பார்த்துக்கொள்ளும் மரகதவல்லி டீச்சர் போன வாரம் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார், உங்க பொண்ணு படம் இருக்கட்டுமா சார், இல்ல வீட்ல ஏதாவது சங்கடம்னா தனிப் படத்தையாவது எடுத்துரலாமா, நீங்களே பார்த்துச் செய்ங்க என்றார். நீங்களே பார்த்துச் செய்ங்க. ஊரில் எல்லாரும் எனக்குச் சொல்வது அதைத்தான். தனிப் படங்கள் வருகிற பக்கத்தில் அவளை எடுத்துப் பார்த்தேன், அடுத்தவள் முன்னால் நகர்ந்து அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள், அதற்கடுத்தவள் அவள் இடத்தில், கடைசியில் பக்கத்தின் மூலையில் மட்டும் ஒரு பொட்டு இடம் காலியாக நின்றது. அங்கே ஒரு பூப் படம் வைத்தால் யாருக்கும் தெரியாது. திருப்பிக் கொண்டுவந்து வைத்தேன்.

ஓசூரில் இருக்கிற அவள் நம்பரை நான் போனில் ஓசூர் பேப்பர் என்று போட்டு வைத்திருந்தேன். தாரணி என்று போடாமல் இருக்கத் தெரிந்த எனக்கு ஊர் பேரை விடத் தெரியவில்லை. எனக்குப் பேப்பர் சிவகாசியிலிருந்து வருகிறது, இல்லாவிட்டால் மதுரையிலிருந்து, இது மச்சானுக்கும் தெரியும், எத்தனையோ தடவை அவர் வண்டியிலேயே கட்டு கட்டாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். ஓசூரில் எவன் பேப்பர் விற்கிறான். ஆனால் ஏன் போட்டேன் என்றும் தெரியும். அந்தச் சொல் திரையில் தெரிய வேண்டும் எனக்கு. அவள் கூப்பிடும்போது ஊர் பேராவது தெரியட்டும் என்று. முதல் தடவை கூப்பிட்டபோது, அப்பா நான்தான் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும், பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம். என்ன சத்தம் என்று கேட்டேன். ஓடிப் போன மகளிடம் ஒரு தகப்பன் கேட்கிற முதல் கேள்வியா அது. கீழே மாவு மில்லுப்பா, நாங்க மாடியில இருக்கோம், எதைத் தொட்டாலும் வெள்ளையா மாவு ஒட்டுது என்றாள். மாரியம்மன் கோயிலை ஒட்டின தெரு என்றாள். உங்களுக்கு மட்டும்தான்பா சொல்றேன் என்றாள். அன்றிலிருந்து கடையில் யாரும் இல்லாதபோது கூப்பிடுவாள், நான் அதிகம் பேச மாட்டேன், ம் என்பேன், சாப்பிட்டியா என்பேன். அவன் பேரை நான் சொன்னதே இல்லை. அந்தப் பையன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும், லேத் பட்டறையில் வேலை, குடி கிடையாது, இவளை மேலே படி என்கிறானாம், எல்லாம் அவள் சொன்னதுதான், கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆனாலும் உள்ளே எங்கோ ஒரு மூலையில், சொல்லக் கூசுகிறது, அவனுடைய சாதிப் பேர் ஒரு முள் மாதிரி கிடக்கத்தான் செய்கிறது. மச்சானிடம் இருப்பது என்னிடம் இல்லை என்று எப்படிச் சொல்வேன். அவரிடம் மரமாக இருக்கிறது, என்னிடம் முள்ளாக இருக்கிறது.

ஒருவேளை அவர் போனைப் பார்க்கவே இல்லையோ. உண்மையிலேயே சார்ஜ் இல்லையோ. நான் இப்போது தாரணியைக் கூப்பிட்டுப் பயமுறுத்தி, அவர்கள் இருக்கிற இடத்தைவிட்டு ஓடி, பிறகு ஒன்றுமே இல்லை என்று ஆனால். யாரைக் கூப்பிட்டார் என்று கால் பட்டியலைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். போன் மேசை மேல் கிடக்கிறது. கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் ஏதாவது செய்ய வேண்டும், தெரியாத வரைக்கும் நான் மார்ஜின் போட்டுக்கொண்டிருக்கிற மனிதன். கரண்ட் போய் வந்தது, யுபிஎஸ் கீச் என்று கத்தி அடங்கியது, பக்கத்து ஆப்செட் அச்சகத்திலிருந்து மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசம் வந்தது. காரில் போனால் இந்நேரம் கரூர் தாண்டியிருக்கலாம். எந்தக் கார், யார் கார் என்றேன் எனக்குள்ளேயே, கார் என்று யார் சொன்னது. ஆனால் மனம் போய்க்கொண்டிருக்கிறது, காவிரிப் பாலம், நாமக்கல், சேலம் புறவழிச் சாலை, தொப்பூர் மலையில் லாரிகள் முக்கி முக்கி ஏறுகின்றன, தர்மபுரியில் வெயில். நான் ஒரே ஒரு தடவை போன வழி, இவ்வளவு துல்லியமாக எப்படி ஞாபகம் இருக்கிறது. மேல் ஓரம், கீழ் ஓரம், பக்க எண் எங்கே. கீழே வெளி மூலையில் வைப்பதா, நடுவில் வைப்பதா. நடுவில்.

ரத்தினம் கூப்பிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறீர்களா, கொடுத்து விடவா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். புளிக்குழம்பு வைத்திருப்பதாகச் சொன்னாள், கருவாடு நன்றாக இல்லை என்றாள், போனை வைக்கவில்லை. தலை முழுகிய நாளிலிருந்து அவள் மகளைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை, பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்கள், வளையல் பெட்டி, எல்லாவற்றையும் கட்டி அண்ணனிடம் கொடுத்துக் கொளுத்தச் சொன்னவள். அவளுக்கு நெஞ்சு கல் என்று நான் நினைத்திருந்தேன். சரி வைக்கட்டுமா என்றேன். அப்போது சொன்னாள், குரலில் ஒரு மாற்றமும் இல்லை, கீரைக்காரியிடம் பேசுகிற மாதிரி.

"அண்ணன் வண்டி எடுத்துக்கிட்டுப் போயிருக்காருங்க. கூட ரெண்டு பேரு. காலையில இந்தப் பக்கமாத்தான் போனாரு. வண்டிக்குள்ள ஒரு பாயச் சுருட்டி வச்சிருந்தாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "பாய் எதுக்குங்க?"

வைத்துவிட்டாள். பாய் எதுக்குங்க. பாயில் அரிவாளைச் சுற்றலாம். பாயில் வேறொன்றையும் சுற்றலாம். அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் என்னிடம் கேள்வியாகக் கேட்டாள், அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள் என்றும் ஆகாமல், பெற்ற மகளை விட்டுவிட்டவள் என்றும் ஆகாமல், இரண்டுக்கும் இடையில் அவளுக்குக் கிடைத்த சந்து அவ்வளவுதான். மிச்சத்தை என்னிடம் தள்ளிவிட்டாள். ஓசூர் பேப்பரை அழுத்தினேன். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். மணி போகிறதே தவிர யாரும் எடுக்கவில்லை, அந்தப் பக்கத்தில் ஆளில்லாத வீட்டில் அது அடிப்பது எனக்குக் கேட்கிறது, மாவு படிந்த ஜன்னல், தரையில் கிடக்கிற போன், பக்கத்தில், பக்கத்தில் எதுவும் இல்லை, நான் எதையும் பார்க்கவில்லை. நூறை அழுத்தினேன். ஒரு பெண் குரல் எந்த மாவட்டம் என்றது. இங்கேயிருந்து பேசுகிறேன், நடக்கப் போவது ஓசூரில் என்று சொன்னதும் அவள் பொறுமையாக இருங்க என்று வேறொருவருக்கு மாற்றினாள். அவர் என்ன பிரச்சினை என்று கேட்டார். சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி இருந்தது. மாரியம்மன் கோயிலை ஒட்டின தெரு, மாவு மில்லுக்கு மேல் மாடி என்றேன். வண்டி நம்பர் கேட்டார், சொன்னேன், அந்த வண்டி வாங்கிய அன்றைக்கு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்தவனே நான்தான். யார் மேல் சந்தேகம் என்றார். ராசாங்கம். உறவா. என் சம்சாரத்தோட அண்ணன். அந்தப் பெண்ணுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"அப்பா" என்றேன். "பேரு சௌந்தரராசன். நான் அவளோட அப்பா."

எழுதிக்கொண்டார். தகவல் சொல்கிறோம் என்றார், போனை அணைக்க வேண்டாம் என்றார். அவ்வளவுதான், ஒரு மகளின் உயிருக்கு ஆகிற பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பஸ் ஏறலாமா என்று எழுந்தேன், நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும் என்று உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். வெளியே பஸ்காரன் பழனி பழனி என்று கூவிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்குப் போகவில்லை, ரத்தினமும் மறுபடி கூப்பிடவில்லை. குழுப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இடமும் வலமும் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு மயிரிழை வலது, ஒரு மயிரிழை இடது. தாரணி ஒரு கண்ணை இழந்தாள், மீண்டும் பெற்றாள். இதை நிறுத்து என்றேன் என்னிடம். நிறுத்த முடியவில்லை. காலையிலேயே கூப்பிட்டிருந்தால். அவர் ரோட்டைத் தாண்டும்போதே கூப்பிட்டிருந்தால். ஒரு காலைப் பொழுதை நான் மார்ஜினுக்குக் கொடுத்தேன். மாவு மில் ஓடுகிற சத்தத்தில் மேலே என்ன நடந்தாலும் கீழே கேட்காது என்று அப்போதுதான் உறைத்தது. முதல் தடவை நான் கேட்ட அந்தச் சத்தம். கடவுளை எல்லாம் கூப்பிடவில்லை, கூப்பிடத் தோன்றவில்லை, அவள் சின்ன வயதில் காய்ச்சலோடு என் மடியில் படுத்திருந்தபோது நெற்றியில் வைத்த கை மட்டும் சூடாக இருந்தது, இப்போதுதான் எடுத்த மாதிரி. வெயில் ஷட்டருக்குக் கீழே உள்ளே வந்து, மேசைக் காலைத் தொட்டு, மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுக்கக் கை வரவில்லை. தெரியாத வரைக்கும், தெரியாத வரைக்கும் என்று மறுபடியும் அந்தப் பழைய நினைப்பு. எடுத்தேன்.

அப்பா என்றாள். அவள்தான். ஸ்டேஷனில் ஒரு போலீஸம்மாவின் போனிலிருந்து பேசுகிறாள். அழவில்லை, வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரி பேசினாள். மொட்டை மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம், போன் அறையில் கிடந்திருக்கிறது. வாசலில் கொரியர் என்று குரல் கேட்டு ஜெகன்தான் கீழே இறங்கிப் போயிருக்கிறான். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவன். மேலிருந்து எட்டிப் பார்த்தேன், மாமா நின்னாருப்பா, என்னை அண்ணாந்து பார்த்தாரு என்றாள். அதற்குள் ஜீப் தெருவுக்குள் வந்துவிட்டது. மாமாவைப் பிடித்துவிட்டார்கள், கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஜெகன் கதவைச் சாத்தக் கையை வைத்த இடத்தில் வெட்டு. ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உயிருக்கு ஒன்றும் இல்லை, வலது கையில் மூணு விரல் போச்சுப்பா என்றாள். லேத்தில் நிற்கிற கை. நான் முதல் தடவையாக அவன் பேரைச் சொன்னேன், ஜெகனுக்கு வலி எப்படி இருக்கு என்று கேட்டேன். அவள் வேறொன்றைச் சொன்னாள், காலையில் ஏதோ புது நம்பரிலிருந்து ஒருத்தர் போன் பண்ணிக் கொரியர் வந்திருக்கு, அட்ரஸ் சொல்லுங்கம்மா என்றாராம்.

"திண்டுக்கல்லேருந்துன்னு சொன்னாருப்பா. நீங்கதான் எனக்கு ஏதோ அனுப்பியிருக்கீங்கன்னு நெனச்சேன். அதான் சொன்னேன்."

நான் எதுவும் அனுப்பவில்லை. இத்தனை மாதத்தில் ஒரு சேலை, ஒரு பலகாரப் பொட்டலம், எதுவுமே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவள் இவ்வளவு ஆசையாக நம்பியிருக்க மாட்டாள். போனை மச்சான் எடுத்ததையும், நம்பரை நான் எப்படிப் போட்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். முழுசாகச் சொன்னேன், காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்ததையும். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நீங்கதான் போலீசுக்குச் சொன்னீங்கன்னு இவங்க சொன்னாங்கப்பா என்றாள், அது மன்னிப்பா வேறு ஏதாவதா என்று குரலில் பிடிபடவில்லை. அம்மாவுக்குத் தெரியுமா என்றாள். அம்மா சொல்லித்தான் என்றேன். அந்தப் பக்கம் அப்போதுதான் அவள் உடைந்தாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றேன், எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இனி இந்த ஊரில் இருக்க முடியாது, மாமா வெளியே வந்துவிடுவார், ஓடினவர்களும் இருக்கிறார்கள், ஜெகனுக்குக் கொஞ்சம் தேவலையானதும் கிளம்புகிறோம், அவனுடைய சித்தி வீடு ஒன்று இருக்கிறது என்றாள். குரலைத் தாழ்த்தினாள், பழையபடி, எனக்கு மட்டும் சொல்கிற குரல்.

"கோ" என்று தொடங்கினாள்.

"சொல்லாதே" என்றேன். "தாரணி, சொல்லாதே. எந்த ஊருன்னு எனக்குச் சொல்லாதே. இந்த நம்பர்லயும் இனிமே இருக்காதே."

அப்பா என்றாள். என்னிடமிருந்து வாங்கிவிடுவார்கள் பாப்பா என்றேன், என் கையில் எது இருந்தாலும் வாங்கிவிடுவார்கள். பின்னால் யாரோ கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். சரிப்பா என்றாள், அந்தச் சரியில் அவள் முழுசாகப் புரிந்துகொண்டது தெரிந்தது, அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை, போன் காலியாக இருந்தது. ஷட்டருக்கு வெளியே மச்சான் வீட்டு ஆட்கள் இன்று இரவோ நாளையோ வந்து நிற்பார்கள், கேட்பார்கள், அடிக்கவும் செய்வார்கள், எனக்குத் தெரியாது என்று நான் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். கோ. கோவையாக இருக்கலாம். கோபியாக இருக்கலாம். கோத்தகிரி, கோலார், கோட்டயம், கோவில்பட்டியாகக்கூட இருக்கலாம். நிறுத்து. அந்த ஒரு எழுத்தைக்கூட நான் கேட்டிருக்கக் கூடாது. அதை மறக்க வேண்டும். கோ.